எட்டு வண்டிகள் சும்மா நின்ற காலை

அத்தியாயம் 6

"அவ தூங்கிட்டா. அவ்வளவுதான் விஷயம். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க மேடம், நான் வீட்டுக்குப் போறேன்."

இறந்துபோன மெக்கானிக்கின் மனைவி இதை இன்றைக்கு மூன்றாவது தடவையாகச் சொன்னாள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு நாளாக அவளுக்குள் எரிகிற நெருப்பு முகத்தில் அப்படியே தெரிந்தது.

அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். துப்பறியும் தொழிலில் இறங்கிய நாளிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர். உபயம், பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்ற கொழுந்தன். போகிற இடமெல்லாம் 'அண்ணி, அண்ணி' என்று அவன் கூவியதில் ஊரே அவளுக்குக் கொழுந்தனாகிவிட்டது. அவனுக்கு வயது நாற்பது. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திருப்புளி இருக்கும். ஆகவே பெயரும் திருப்புளி. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து, வந்தவர்களிடமெல்லாம் வாயைக் கொடுத்தே கடையை மூடிய கெட்டிக்காரன்.

"மூணு மணிக்கு விசாரணை. இப்ப மணி ரெண்டு. ஒரு மணி நேரம் பொறுத்துக்கங்கம்மா" என்றாள் அண்ணி.

"எங்க வீட்டுக்காரர் பதினாலு நிமிஷம் பொறுத்தாரு மேடம்."

அண்ணி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். 

பதினாலாம் தேதி காலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு மெக்கானிக் தானே போன் செய்தார். நெஞ்சு வலிக்கிறது, வீட்டில் யாரும் இல்லை என்றார். மனைவி அப்போது தையல் தொழிற்சாலையில் காலை ஷிஃப்டில் இருந்தாள். போனை எடுத்தது மூன்றாம் மேஜைப் பெண். வண்டி கிளம்பியது ஏழு மணி ஆறு நிமிஷத்துக்கு. வண்டி ஷெட்டிலிருந்து அவர் வீடு ஐந்து நிமிஷத் தூரம். ஷெட்டில் அப்போது எட்டு வண்டிகள் சும்மா நின்றன. வண்டி போய்ச் சேர்ந்தபோது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அவர் வாசற்படியில் கிடந்தார். உயிர் இல்லை.

நடுவில் நடந்ததாகக் கம்ப்யூட்டர் பதிவு சொன்னது மூன்றே வரி:

6:53 ஆபரேட்டர் வெளியேறினார்.
6:57 ஆபரேட்டர் வெளியேறினார்.
7:01 ஆபரேட்டர் வெளியேறினார்.

போனை எடுத்தாள், எழுந்து போய்ப் படுத்தாள் என்பது மேலாளரின் முடிவு. வேலை போவது உறுதி. அதற்குப் பிறகு போலீஸ் வழக்கு. மெக்கானிக்கின் மனைவி அண்ணியைக் கூப்பிட்டதே அந்த முடிவில் கடைசி ஆணியை அடிக்கத்தான்.

ஆனால் அண்ணிக்கு அந்த மூன்று வரியைப் பார்த்ததிலிருந்தே பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரித்தவள் அவள். 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதி எழுதியே விரல் தேய்ந்தவள். எந்த இயந்திரம் எவனைக் கடித்தாலும் கடைசியில் குற்றவாளி கடிபட்டவன்தான். அந்த எரிச்சலில்தான் வேலையை உதறினாள்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம் அண்ணி" என்றான் திருப்புளி, நடைபாதையில் நடந்தபடி. "தூங்கறவ எதுக்கு மூணு தடவை வெளியேறணும்? நான் கடையில தூங்கறப்போ ஷட்டரை ஒரே தடவைதான் இறக்குவேன்."

"அதுவும் நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை."

"அதான்! அலாரம் வெச்சுத் தூங்கினாளோ என்னவோ."

*

ஊழியர்கள் பையும் சாப்பாட்டு டப்பாவும் வைக்கிற சின்ன அறையில் மூன்றாம் மேஜைப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. முப்பது வயதிருக்கும். அவளும் கொதித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நீங்களும் கேளுங்க. தூங்கினியான்னு கேளுங்க. எல்லாரும் கேட்டாச்சு."

"கேக்க மாட்டேன். எழுந்து போனியா?" என்றாள் அண்ணி.

"நாற்காலியை விட்டு அசையல மேடம். அவர் முகவரி சொன்னாரு. ஏத்தினேன். 'பக்கத்து வண்டி எது'ங்கற பட்டனை அழுத்தினேன். ஸ்கிரீன் செத்துப் போச்சு. போனும் அதே கம்ப்யூட்டர் வழியாத்தான் வரும், அதுவும் போச்சு. திரும்ப எழுப்ப மூணு நாலு நிமிஷம் ஆகும். எழுப்பினேன், அழுத்தினேன், செத்துது. இன்னொரு தடவையும் செத்துது. பக்கத்து மேஜையில போய் ஏத்தினா, 'இந்த அழைப்பு மூன்றாம் மேஜையுடையது'ன்னு சொல்லுது. மாத்தணும்னா மேலாளர் சாவியைப் போடணும். மேலாளர் ஏழு பத்துக்கு வந்தாரு. நான் அதுக்குள்ள ஷெட்டுக்கு ஓடி, டிரைவர் சட்டையைப் பிடிச்சு இழுத்து அனுப்பினேன்."

"முன்னாடி இப்படி ஆயிருக்கா?"

அவள் பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்து மேஜைமேல் அடித்தாள். எல்லாம் புகார்ச் சீட்டின் நகல். "நாலு தடவை எழுதிக் குடுத்தேன். நாலு தடவையும் சாஃப்ட்வேர் கம்பெனி இன்ஜினியர் வந்தான். அவன் பாக்கறப்போ நல்லா ஓடும். 'உங்களுக்கு அழுத்தத் தெரியல'ன்னு சிரிச்சுட்டுப் போனான். வண்டி நிறைய சும்மா இருந்தாத்தான் சாகுதுன்னு சொன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க. 'வண்டி நிறைய இருந்தா நல்லதுதானம்மா'ன்னாங்க."

அண்ணியின் விரல் தாள்மேல் நின்றது. "இந்த நாலு நாள் எத்தனை வண்டி சும்மா நின்னுச்சுன்னு தெரியுமா?"

"ஷெட் காவலாளி நோட்டுல இருக்கும்."

திருப்புளி ஓடினான். பத்து நிமிஷத்தில் நோட்டோடு திரும்பினான். அண்ணி புகார்ச் சீட்டிலிருந்த தேதியையும் நேரத்தையும் ஒவ்வொன்றாகப் படிக்க, அவன் நோட்டைப் புரட்டிச் சொன்னான்.

"ஒன்பது. எட்டு. பதினொண்ணு. எட்டு. அந்தப் பதினாலாம் தேதி, எட்டு."

"அந்த இன்ஜினியர் வந்து பார்த்த நேரமும் சீட்டுக்குக் கீழே இருக்கு. அப்போ எத்தனை?" அதையும் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"அஞ்சு. ஏழு. ஆறு." கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். "ஏழு."

"ஏழு வரைக்கும் ஓடுது. எட்டுல சாகுது." அண்ணி நிமிர்ந்தாள். "எட்டுல அப்படி என்னடா இருக்கு?"

வழக்கமாக இந்த இடத்தில் அவன் ஒரு ஜோக் அடித்திருப்பான். இன்று அடிக்கவில்லை. கண்ணாடித் தடுப்பின் அந்தப் பக்கம், சீல் ஒட்டிக் கிடந்த மூன்றாம் மேஜையைப் பார்த்தான். அதன் கீழிருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் ஸ்டிக்கர் மஞ்சளாகிப் போயிருந்தது. மற்ற ஐந்து மேஜைகளிலும் பளபளவென்று புதுப்பெட்டி.

"என் மேஜைக்கு மட்டும் புதுசு வரல. அடுத்த வருஷம்னாங்க" என்றாள் அந்தப் பெண்.

"பாவி" என்றான் திருப்புளி மெதுவாக. "எந்தப் பாவியோ புது மெஷின்ல உக்காந்து இந்த ப்ரோக்ராமைக் கட்டியிருக்கான் அண்ணி."

"புரியற மாதிரி சொல்லு."

"மனுஷன் எழுதற ப்ரோக்ராமை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கறதுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளன் உண்டு. கம்பைலர்னு பேரு. அவன்கிட்ட வேகத்துக்குன்னு சில செட்டிங் இருக்கு. அதுல ஒண்ணு, 'இப்ப நான் உக்காந்திருக்கற மெஷினுக்கு என்னென்ன வித்தை தெரியுமோ, அத்தனையும் போட்டு மாத்து'ங்கறது. புது சிப்புக்கு ஒரு வித்தை தெரியும். எட்டு எண்ணை ஒரே தூக்கா தூக்கிக் கணக்குப் போடும். எட்டு டம்ளரை ஒரே தட்டுல வெச்சுக் கொண்டு போற மாதிரி."

"ஏழு இருந்தா?"

"தட்டு நிறையல, கையிலயே ஒவ்வொண்ணா கொண்டு போகும். பழைய சிப்புக்கும் கையில கொண்டு போகத் தெரியும். அதனால ஏழு வரைக்கும் ஒரு குறையும் இல்ல. எட்டு ஆச்சுன்னா 'தட்டை எடு'ன்னு உத்தரவு வரும். பழசுக்குத் தட்டுன்னா என்னன்னே தெரியாது. நின்ன இடத்துலயே உயிரை விட்டுடும்."

"பதிவுல 'வெளியேறினார்'னு வருதே?"

"ப்ரோக்ராம் செத்தாலும் அது அப்படித்தான் எழுதும். செத்துட்டேன்னு தானே எப்படி எழுதும்?"

அண்ணி அந்த மூன்று வரியை மறுபடி பார்த்தாள். செத்தது மெஷின். மூன்று தடவையும் பழி விழுந்தது இவள் தலையில். காதெல்லாம் சூடாகிவிட்டது அவளுக்கு.

*

சரியாக மூன்று மணிக்கு விசாரணை தொடங்கியது. மேலாளர் தலைமை. வழுக்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வலப்பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனி இன்ஜினியர், மடியில் மெல்லிய புது லேப்டாப். எதிரே மூன்றாம் மேஜைப் பெண். ஓரமாக மெக்கானிக்கின் மனைவி.

இன்ஜினியரின் வாக்குமூலத்தை மேலாளர் படித்தார்: ஆறு மேஜைகளிலும் இருப்பது ஒரே ப்ரோக்ராம். மற்ற ஐந்தும் ஒழுங்காக ஓடுகின்றன. ஆகவே கோளாறு ப்ரோக்ராமில் இல்லை. கீழே கையெழுத்து, முத்திரை.

"மூணாம் மேஜையில சோதிச்சுப் பாக்கணும்" என்றாள் அண்ணி.

"தாராளமா. பதினாலாம் தேதி நானே சீல் வெச்சேன். அன்னையிலிருந்து ஒரு ஈ கூட உக்காரல." மேலாளர் சீலைக் கிழித்தார்.

பயிற்சிக்கென்று இருந்த பகுதியைத் திறந்து, பொய்யாக ஒரு அழைப்பை ஏற்றினார்கள். சும்மா நிற்கும் வண்டிகள்: ஒன்பது. அண்ணி நடந்ததைச் சொல்லி முடித்திருந்தாள். எட்டு, தட்டு, டம்ளர் எல்லாம். மூன்றாம் மேஜைப் பெண் பட்டனை அழுத்தினாள்.

திரை வெறுமனே நின்றது. பிறகு பட்டியல் வந்தது. ஒன்பது வண்டியும் வரிசையாக.

இன்ஜினியர் சிரித்தான். "தட்டு நல்லாத்தான் இருக்கு போல மேடம். டம்ளர் ஒண்ணும் உடையலையே!"

மெக்கானிக்கின் மனைவி எழுந்துவிட்டாள். "இவளைக் காப்பாத்தவா நான் உங்களைக் கூப்பிட்டேன்? நீங்கள்லாம் மனுஷங்களா?"

அண்ணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திருப்புளியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்பது செகண்ட். எனக்கு ஒரு கொட்டாவியே விட்டு முடிஞ்சுது" என்றான்.

"பழைய மெஷின் சார். அப்படித்தான் இழுக்கும்" என்றான் இன்ஜினியர்.

"இல்ல."

சொன்னது மூன்றாம் மேஜைப் பெண். திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு மாசமா இதுலதான் உக்காந்திருக்கேன். வந்தா ஒரு செகண்டுல வரும். இல்லன்னா செத்துடும். இப்படி இழுத்ததே கிடையாது."

இன்ஜினியரின் சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அண்ணிக்கு அது போதும்.

"தம்பி, அந்த ப்ரோக்ராம் என்னைக்கு வந்து உக்காந்துதுன்னு பாரு."

திருப்புளி இரண்டே தட்டில் எடுத்தான். "பதினஞ்சாம் தேதி காலை. நாலாம் மேஜையில இருக்கறது ரெண்டு மாசப் பழசு."

"சீல் வெச்சது பதினாலு. சீலுக்குள்ள ப்ரோக்ராம் வந்தது பதினஞ்சு." அண்ணி மேலாளர் பக்கம் திரும்பினாள். "ஈ உக்காரலைன்னீங்களே சார்?"

"வேகத்தையெல்லாம் அணைச்சு அவசரமா ஒண்ணு கட்டி, ஒயர் வழியா அனுப்பி வெச்சிருக்காங்க. அதான் சாகவும் மாட்டேங்குது, ஓடவும் மாட்டேங்குது" என்றான் திருப்புளி.

"அது... அது சும்மா ஒரு வழக்கமான அப்டேட்" என்றான் இன்ஜினியர். "ப்ரோக்ராம் ஒண்ணுதான்."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் மேடம். எழுதியே குடுத்திருக்கேனே!"

"நல்லது. நாலாம் மேஜையில இருக்கறதை எடுத்து இதுல போடு தம்பி."

"அதெல்லாம் போடக் கூடாது!" இன்ஜினியர் துள்ளி எழுந்தான்.

"ஏன்? ஒண்ணுதானே? ஒண்ணை எடுத்துட்டு அதே ஒண்ணை வெக்கறதுல உங்களுக்கு என்ன போச்சு? இல்ல, வேற வேறன்னா, இந்த வாக்குமூலம் பொய். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

திருப்புளி அதற்குள் பென் டிரைவைச் செருகி எடுத்திருந்தான். "உக்காருங்க சார். உங்க பிள்ளையைத்தான் வேற தொட்டில்ல போடறேன்."

முதலில் ஏழு வண்டி வைத்தார்கள். பட்டன். கண்ணை மூடித் திறப்பதற்குள் பட்டியல் வந்தது.

எட்டாவது வண்டியைச் சேர்த்தார்கள். மூன்றாம் மேஜைப் பெண் பட்டனை அழுத்திவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள்.

திரை அணைந்தது.

சுவரிலிருந்த பெரிய பதிவுத் திரையில் ஒரு புது வரி வந்து விழுந்தது. மெக்கானிக்கின் மனைவி பக்கத்தில் போய் நின்று, விரலை வைத்து, எழுத்துக் கூட்டுவதுபோல் படித்தாள்.

"மூணு இருபத்திரண்டு. ஆபரேட்டர் வெளியேறினார்."

திரும்பிப் பார்த்தாள். ஆபரேட்டர் அதே நாற்காலியில், இன்னும் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குய்யா அந்த செட்டிங்கைப் போட்டே?" அண்ணியின் குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்கு உச்சக் கோபம்.

"டெமோ..." இன்ஜினியர் லேப்டாப்பை மூடினான். "டெமோல பட்டியல் டக்குனு வரணும்னு... என் மெஷின்ல கட்டினேன். அப்படியே அனுப்பிட்டேன். இங்க ஒரு பழைய மெஷின் இருக்கும்னு..."

"பழசுக்கும் சேர்த்துக் கட்டியிருந்தா எவ்வளவு மெதுவாகியிருக்கும்?"

"அரை செகண்ட்."

"அரை செகண்ட்!" திருப்புளி சுவரில் ஓங்கி அடித்தான். அவனிடம் ஜோக் எதுவும் மிச்சமில்லை.

மெக்கானிக்கின் மனைவி இன்ஜினியரிடம் போகவில்லை. நேராக மூன்றாம் மேஜைக்குப் போனாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பன்னிரண்டு நாளாக அவள் முகத்துக்கு நேரே கேட்கவேண்டும் என்று வைத்திருந்த கேள்வி ஒன்று உண்டு. இப்போது வேறு கேள்வி வந்தது.

"அவர் என்னம்மா சொன்னாரு?"

"முகவரி சொன்னாரு." அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்புறம், 'கதவைத் திறந்தே வெக்கறேன்'னாரு. லைன் போயிடுச்சு."

"திறந்துதான் இருந்துச்சு." அவள் தலையை ஆட்டினாள். "எட்டு வண்டி நின்னுச்சாம். ஏழு நின்னிருந்தா வந்திருக்கும்."

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். பேனாவைத் திறந்தார். "ரொம்ப வருத்தமான விஷயம். இயந்திரக் கோளாறுன்னு எழுதி விசாரணையை முடிச்சுடலாம். ஆபரேட்டர் மேல தப்பில்ல. எல்லாருக்கும் திருப்திதானே?"

"ஒரு நிமிஷம் சார்." அண்ணி நகரவில்லை. அந்தப் பெண் சாப்பாட்டு அறையில் சொன்ன ஒரு வார்த்தை அவளுக்குள் நெருடிக்கொண்டே இருந்தது. "அழைப்பை வேற மேஜைக்கு மாத்தணும்னாலே உங்க சாவி வேணும். சீல் வெச்சுப் பூட்டின மேஜைக்குள்ள புது ப்ரோக்ராம் போகணும்னா?"

மேலாளர் பேனாவைப் பார்த்தார்.

"உன்னைத்தான் கேக்கறேன்" என்று அண்ணி இன்ஜினியரிடம் திரும்பினாள். "பதினஞ்சாம் தேதி காலையில சாவி போட்டுக் குடுத்தது யாரு?"

இன்ஜினியரின் கண் தலைமை நாற்காலிக்குப் போய், அங்கேயே நின்றது.

"அடப் பாவி மனுஷா! தெரிஞ்சுக்கிட்டே பதினோரு நாளா இவளைத் தூங்கினேன்னு ஒத்துக்கச் சொன்னியா?" என்றான் திருப்புளி.

மேலாளர் எழுந்தார். ஏதோ அவசரப் போன் வந்ததுபோல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே கதவை நோக்கி நடந்தார். ஆனால் மெக்கானிக்கின் மனைவி முந்திக்கொண்டாள். மூன்றாம் மேஜை நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் கதவுக்குக் குறுக்கே போட்டு, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

"போலீஸுக்குப் போன் பண்ணுங்க மேடம்" என்றாள். "அவங்க வர்ற வரைக்கும் ஒருத்தரும் இங்கேயிருந்து வெளியேறக் கூடாது."